திண்டிவனத்து வெயிலில் குளிரெடுத்த வண்டி

என் பாசமுள்ள கண்டக்டர் அப்பாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். வண்டி கிளம்பிவிட்டது. சாவியைத் திருப்பியதும், புகை இல்லாமல், இருமல் இல்லாமல் கிளம்பிவிட்டது. நீ இருந்திருந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி விசில் அடித்திருப்பாய்.

நாலு பேர் படிக்கப்போகிற கடிதமாயிற்றே, 'நீங்கள்' போட்டு எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கை வரவில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து உன்னை வா, போ என்றே கூப்பிட்டுவிட்டு, இப்போது போய் மரியாதை கொடுத்தால் உனக்கே சிரிப்பு வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டியிருக்கிறது. நீ காலமெல்லாம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாய். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினாய். திண்டிவனத்தில் நம் தெருவுக்கு அதுதான் முதல் கார். வாங்கின பிறகுதான் தெரிந்தது, உன் கண் பார்வைக்கு லைசென்ஸ் கிடைக்காது என்று. வேறு யாராக இருந்தாலும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். நீ அம்மாவைக் கொண்டுபோய் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தாய்.

பேரன் பேத்தி எடுக்கிற வயதில் அம்மா ஸ்டியரிங் பிடித்தாள். "வண்டிக்கு டிரைவர் ஒருத்தர்தான் இருக்கணும் அஞ்சல. நான் கண்டக்டர். எனக்கு வர்றது அதான்" என்று பக்கத்து சீட்டில் நீ உட்கார்ந்துகொண்டாய். நீ ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவை இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்" என்று சொல்கிற வரைக்கும் அம்மா கிளட்சை விட மாட்டாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் சரி, உன் வாயிலிருந்து வர வேண்டும். மயிலம் கோயிலுக்கும், விழுப்புரத்தில் என்னைப் பார்க்கவும், கண்டாச்சிபுரத்தில் அத்தை வீட்டுக்கும் இப்படியேதான் வருவீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அந்த வெட்கம் திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

பிறகு வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பொங்கலுக்கு முன்னால் என்று நினைக்கிறேன். கிளம்பும்போது துள்ளும், பெட்ரோல் வாடை அடிக்கும், சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். நீ முதலில் பங்க்காரனைத் திட்டினாய். பங்க்கை மாற்றியும் சரியாகவில்லை. ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினால், டேஷ்போர்டில் கோளாறு விளக்கு எதுவும் எரியவில்லையே, ஓட்டுகிற ஆள் புதுசு, அதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் நீயும் டிரைவரைத் திட்ட ஆரம்பித்தாய்.

"கிளட்ச்ச பாத்து வுடு அஞ்சல. கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது பாரு. உனுக்கு இன்னும் கை வரல."

சர்வீஸில் இருந்தபோது எந்த டிரைவரைத்தான் நீ விட்டாய்? அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சுதான் அது. ஆனால் அம்மா அதைக் கேட்டுக் கேட்டு நம்பிவிட்டாள்.

அந்தக் காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீயாகவே போய் உன் சீட்டில் உட்கார்ந்தாய். அம்மா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பத் திருப்பினாள். பெட்ரோல் வாடை தெருவெல்லாம் அடித்தது. நீ அப்போதும் பக்கத்திலிருந்து, "அவசரப்படாத அஞ்சல, நிதானமா அடி" என்றாயாம். நீ அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு லோடு ஆட்டோவைக் கூட்டிவந்தார். நான் விழுப்புரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றிருந்தேன். நீ விக்கிரவாண்டி தாண்டும்போதே போய்விட்டாய். அங்கே ஒரு டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்மா" என்றார். நல்ல மனுஷர், தன்மையாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்துவிட்டது.

மிச்சத்தை அத்தை சொன்னாள். உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில், வந்தவர் போனவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஓட்டத் தெரியாதவ கையில சாவியக் குடுத்துட்டு எங்கண்ணன் பூட்டாரே." அம்மா தலையை ஆட்டினாள், அப்பா. ஆமாம் என்று ஆட்டினாள்.

அன்றிலிருந்து வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. லைசென்ஸ் சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது. கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் டவுன் பஸ்தான். பஸ்ஸிலும் முன்னால் உட்கார மாட்டாள். டிரைவர் கியர் போடுவதைப் பார்க்க முடியவில்லை என்றாள். நீ இல்லாமல் நான் பட்டது ஒரு மாதிரி. அவள் பட்டது வேறு. உன்னைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்து அதைச் சொல்லாமல், சோறு ஆக்கிக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்தாள்.

உன் வருஷ திதி நெருங்கும்போது வண்டியை விற்றுவிடலாம் என்றாள். "ஓட்டத் தெரிஞ்சவன் எவனாச்சும் வாங்கிக்கினு போட்டும்." விற்பதென்றாலும் கிளம்ப வேண்டுமே. அதனால்தான் மெக்கானிக் காதர் பாயை வீட்டுக்கு வரச் சொன்னேன். உனக்கு அவரைத் தெரியாது. என்னோடு வேலை செய்கிற பெண்ணின் மாமா.

பாய் வந்து புது பேட்டரி போட்டார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் அடுப்புக்கரி. புது பிளக் போட்டதும் வண்டி கிளம்பியது, ஆனால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. உடனே அணைந்தும் போனது. பாய் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் சொருகி, தன் போனில் எண்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள் இல்லையா, எங்கே எண்ணைப் பார்த்தாலும் கண் நின்றுவிடும்.

"பாய், அந்த மைனஸ் பதினெட்டு இன்னாது?"

"அது இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூடும்மா."

இரண்டு பேருக்கும் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. மதியம் தலையைக் காட்ட முடியாத வெயில். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார். இன்ஜினின் சூடு சரியாகக் காட்டியது. வெளியிலிருந்து உள்ளே போகிற காற்று மட்டும் பனிக்கட்டியைவிடக் குளிர்ச்சி என்று காட்டியது.

பாய் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். "குளிர் காத்து கெட்டியா இருக்கும்மா. கெட்டிக் காத்துக்கு பெட்ரோல் ஜாஸ்தி வேணும். அந்த சூட்ட அளக்கற சென்சார் குளிருது குளிருதுன்னு பொய் சொல்லிக்கினு இருக்குது. கம்ப்யூட்டரு அத்த நம்பிக்கினு பெட்ரோல ஊத்திக்கினே இருக்குது. பிளக்கு நனைஞ்சி பூடுது. அப்பறம் எங்க புடிக்கும்?"

"அப்ப விளக்கு எரிஞ்சிருக்கணுமே?"

"ஒயரு அறுந்தா எரியும். இது நம்பற மாதிரி பொய்யி. எரியாது."

வேலை செய்கிற இடத்தில் ஒருவருக்கு ரிசல்ட் தாறுமாறாக வந்தால் நாங்கள் ஆளைக் குறை சொல்ல மாட்டோம். முதலில் மிஷினைச் சந்தேகப்படுவோம், ரத்தத்தைத் திரும்ப எடுப்போம். அம்மாவை மட்டும் யாருமே திரும்பச் சோதித்துப் பார்க்கவில்லை. நீ பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, அத்தையைக் கேட்கவே வேண்டாம்.

அந்த நேரம் அம்மா டீ கொண்டுவந்தாள். வண்டியைப் பார்க்காமல், தம்ளரை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். பாய் அதை வாங்கிக்கொண்டு, "அக்கா, டீ நல்ல சூடா கீதா? குடிக்க இல்ல" என்றார். காற்று போகிற குழாயிலிருந்து சென்சாரைத் திருகி எடுத்தார். சுண்டு விரல் அளவுதான் இருக்கும், பின்னால் ஒயர் தொங்கிக்கொண்டு. அதன் மூக்கில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ஆவி பறக்கிற டீக்குள் விட்டார். "நல்லா இருந்தா நம்பரு குடுகுடுன்னு ஏறணும். பாத்துக்கினே இருங்க."

மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினைந்தாயிற்று. அதோடு நின்றுவிட்டது. அம்மா போட்ட கொதிக்கிற டீயில் முக்கியும் அதற்குக் குளிர் விடவில்லை.

பாய் ஒயரின் சொருகலைப் பிரித்தார். உள்ளே இருந்த ஊசிகளில் பச்சைப் பச்சையாய்க் களிம்பு பூத்திருந்தது. சென்சாரின் பின்பக்கம் மெல்லிய வெடிப்பு, அதற்குள்ளும் பச்சை. அதை அம்மாவிடம் நீட்டிக் காட்டினார். நான் அவரிடம் நடந்ததை முன்பே சொல்லியிருந்தேன். அதனால்தான் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, அன்னிக்கு நானே வந்து சாவி போட்டிருந்தாலும் இந்த வண்டி கெளம்பியிருக்காது. உங்க கையில ஒண்ணும் இல்ல."

அம்மா சென்சாரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இவ்வளவு சின்னதா என்கிற மாதிரி பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

பாய் விட்டிருக்கலாம். தொழில்காரர், விடவில்லை. "ஆனா இவ்ளோ பச்ச எப்பிடிப் பூத்துச்சி? இன்ஜினுக்கு பிரஷர் தண்ணி கிண்ணி அடிப்பீங்களா?"

என் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "மழையில நின்ன வண்டி பாய்."

"மழத் தண்ணி இங்க வராதேக்கா. மூடி இருக்குதே."

"இந்தப் பக்கம் சாரல் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, தம்ளரை வாங்கிக்கொண்டு வேறு டீ போட உள்ளே போய்விட்டாள்.

அப்பா, உனக்கு ஞாபகம் இருக்கும். ஆயுத பூஜைக்கு முதல் நாள். வாட்டர் சர்வீஸ்காரனிடமிருந்து பிரஷர் பம்பை நீ வீட்டுக்கே இரவல் வாங்கி வந்தாய். டெப்போவில் பஸ்ஸுக்குச் செய்கிற மாதிரியே செய்ய வேண்டும் என்றாய். பூஜைக்கு முன்னால் டெப்போவில் இன்ஜினைத் திறந்துவைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள் என்று எங்களுக்குக் கதை கதையாய்ச் சொன்னாய். உன் பழைய பஸ்ஸில் தண்ணீர் பட்டுக் கெட்டுப்போக என்ன இருந்தது? அத்தனையும் இரும்பு. காரின் பானெட்டைத் தூக்கி, மூலை முடுக்கெல்லாம் நீ அடித்தாய். "இன்ஜினுக்கு எதுக்குய்யா இவ்ளோ தண்ணி?" என்று அம்மா அப்போதே கேட்டாள். "உனுக்குத் தெரியாது, ஓட்டறதோட சரி நீ" என்றாய். பிறகு காற்று போகிற அந்தக் குழாய்மேலேயே மூன்று விரலால் சந்தனப் பட்டை போட்டாய். பாய் துடைத்தபோது அந்தச் சந்தனத்தின் தடம் இன்னும் இருந்தது.

பாய் போன பிறகு அடுப்படியில் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். எனக்குக் கோபம் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும்.

"எதுக்கும்மா மழைன்னு சொன்ன? அப்பா தண்ணி அடிச்சதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி?"

"அத்த வாய அடைக்கலாம். ஊருக்கே சொல்லலாம். உம்மேல பழி கீதேம்மா."

அம்மா பாலை இறக்கிவைத்தாள். "எம்மேல இருக்கறது எனுக்குப் பழகிப்போச்சி செல்வி. அவரு மேல புதுசா எதுக்கு?"

உன்மேல்கூடக் கோபப்பட்டேன், சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கை வரவில்லை என்று சொன்னாயே, துள்ளினது அவள் காலா, நீ அடித்த தண்ணீரா? அந்தக் கடைசிக் காலையில் "நிதானமா அடி" என்றாயே, அவள் நிதானமாகத்தான் அடித்தாள் அப்பா. நீ அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். அவள் எப்படி ஓட்டுவாள் என்பதில் சந்தேகத்தோடு போய்விட்டாயோ என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வண்டி கிளம்பியிருந்தால் நீ இருந்திருப்பாயா? அதை எந்தக் கருவியைச் சொருகிப் பார்ப்பது? டாக்டர் 'முயற்சி பண்ணியிருக்கலாம்' என்றுதானே சொன்னார். ஒரு விரல் அளவு சாமான். விழுப்புரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறான், காகிதத்தில் சுற்றி. அதை வாங்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையை வைத்து அழுதேன். கண்டக்டர் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமல் கொஞ்ச நேரம் விட்டார். உன் ஜாதி.

பாய் மறுபடி வந்து, சொருகலைச் சுத்தம் செய்து புதுசை மாட்டிவிட்டு, திரும்பவும் டீயில் விட்டுப் பார்த்தார். எண் குடுகுடுவென்று ஏறியது. வண்டியும் கிளம்பியது. விற்க ஆள் பார்க்கட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். அவள் தார்ப்பாயை மடித்துப் பரணில் போட்டாள். பிறகு சாமி படத்துக்குப் பின்னால் கையைவிட்டு லைசென்ஸை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை விழுப்புரத்தில் விட்டுவர அவளே ஓட்டினாள். உன் சீட்டில் யாரும் உட்காரவில்லை. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வீட்டு வாசலில் தயக்கம் எதுவும் இல்லை, சரசரவென்று எடுத்துவிட்டாள். ஹைவேயில் வண்டி எண்ணெய் மாதிரி போனது. ஒரு துள்ளல் இல்லை. நீ பார்த்திருக்க வேண்டும் அப்பா, எத்தனை அழகாக கியர் மாற்றுகிறாள்.

விக்கிரவாண்டி தாண்டினோம். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரி தெரிந்ததும் ஓரம் கட்டிவிட்டாள். இன்ஜினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், முதல் கியர் போட்டிருக்கிறது, கால் கிளட்சில். எதிரே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் ஓட்டட்டுமா என்று கேட்கவும் முடியாது, எனக்கு ஓட்டத் தெரியாது. ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டி உள்ளே திரும்பியது. அம்மாவின் பார்வை பக்கத்து சீட்டுக்குப் போய்த் திரும்பியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று.

ஜன்னலை இறக்கி, கையை வெளியே விட்டு, கதவை இரண்டு தட்டு தட்டினேன். "போலாம் ரைட்."

குரல் உன்னுடையது மாதிரி வரவில்லை. ஆனால் அம்மா கிளட்சை விட்டாள்.

விழுப்புரத்தில் இறங்கும்போது, இதையெல்லாம் அப்பாவுக்கு எழுதட்டுமா, நாலு பேர் படிக்கிற மாதிரி, என்று கேட்டேன். தண்ணீர் அடித்ததையும் எழுதுவேன் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வைப்பரில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு யோசித்தாள்.

"நீ கேக்க மாட்ட, எழுதத்தான் போற. எழுது. ஆனா ஆசையாத்தான் கழுவுனாருன்னு அதையும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன், அப்பா. நீ ஆசையாகத்தான் கழுவினாய்.

திதிக்கு வருகிற அத்தையை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாதான் காரில் அழைத்து வருவாள். அத்தையை உன் சீட்டில் உட்காரச் சொல்லப் போகிறாளாம். நான் பின்னாலிருந்து இந்தக் கடிதத்தை அத்தைக்கு முழுசாகப் படித்துக் காட்டுவேன், அம்மா சேர்க்கச் சொன்ன வரியை இரண்டு தடவை. வருகிற ஆயுத பூஜைக்கு இன்ஜினைக் காய்ந்த துணியால்தான் துடைப்போம். சந்தனம் மட்டும் நீ வைத்த இடத்திலேயே வைப்போம். அம்மா இனி எந்த ஊருக்கு வண்டி எடுத்தாலும், நான் கூட இல்லாத நாளில் போனிலாவது, ரைட் சொல்லாமல் அவளை அனுப்ப மாட்டேன்.

பின் சீட்டிலிருந்து,
உன் மகள்
செல்வி